கட்டளை வரியில் மருத்துவக் கட்டுரைத் தேடல்: கல்முனையிலிருந்து கேட்டவருக்கு

கல்முனையிலிருந்து எழுதியவர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். மாரி மழைக்குப் பின் வேளாண்மை செய்வோரிடையே காணப்படும் மெலியோய்டோசிஸ் என்ற பக்டீரியா நோயைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறார். மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளமான பப்மெட்டில் மாதக்கணக்காகத் தேடி, கிடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வேர்ட் கோப்பில் ஒட்டி வருகிறார். பட்டியல் 400ஐத் தாண்டிவிட்டது. கட்டளைகளைத் தட்டி இயக்கும் கட்டளை வரிக் கருவிகளைக் கொண்டு தேடல், சேமிப்பு, மேற்கோள் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, உண்மையென்றால் எதைப் படிப்பது, பழைய மடிக்கணினியும் கைத்தொலைபேசி டேட்டாவும் போதுமா என்பன அவருடைய கேள்விகள். ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொன்றையும் எழுதியிருக்கிறார்: "இதை எப்படித் தேடினீர்கள்?" என்று மேற்பார்வையாளர் கேட்டபோது தன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்று. அந்த ஒரு வரிதான் மெய்யான கேள்வி என்று எனக்குப் படுகிறது. மற்றவற்றுக்கும் அதன் வழியாகவே பதில் சொல்கிறேன்.

மட்டக்களப்பில் ஆய்வு மாணவர்களுக்கும் வைத்தியர்களுக்கும் கட்டுரை தேடிக்கொடுப்பதும் அவர்களுடைய மேற்கோள் கோப்புகளைச் சீர்செய்வதும் பத்து ஆண்டுகளுக்கு மேலாக என் தொழில். நான் வைத்தியன் அல்லன். எந்தக் கட்டுரை உங்கள் ஆய்வுக்குப் பொருந்தும், எது பலவீனமானது என்ற தீர்ப்பு என்னுடையதாக இருக்க முடியாது. நான் அன்றாடம் வேலை செய்வது லினக்ஸில். விண்டோஸில் அதே கருவிகளை மாணவர்களின் கணினிகளில் நிறுவிக்கொடுத்த அளவுக்குத்தான் பழக்கம். கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

நண்பர் சொன்னதில் பாதி சரி. தேடலையும், விவரங்களை இறக்குவதையும், மேற்கோள் பட்டியலை வடிவமைப்பதையும் கட்டளைகளிடம் விட்டுவிடலாம். இறக்கிய 400 தலைப்புகளில் எவற்றைப் படிப்பது என்று தீர்மானிக்கும் வேலை உங்களுடையதாகவே இருக்கும், அதைக் குறைத்துத்தரும் கட்டளை எதுவும் கிடையாது. கருவி என்று பார்த்தால், தேடுவதற்கு என்ட்ரெஸ் டைரெக்ட் என்ற தொகுப்பு, விவரங்களை வைத்திருக்க பிப்டெக் வடிவிலான ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு, பட்டியலை அச்சு வடிவத்துக்குக் கொண்டுவர பான்டொக். மூன்றும் இலவசம். மூன்றும் பழைய மடிக்கணினியில் ஓடும்.

என்ட்ரெஸ் டைரெக்ட் என்பது பப்மெட்டை நடத்தும் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் கீழுள்ள என்சிபிஐ நிறுவனமே வெளியிடுவது. பப்மெட் 1997 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது, இன்று 3.7 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் அதில் உள்ளன. நாம் இணையத்தளத்தில் பார்ப்பது அதன் முன்வாசல். நிரல்கள் நுழைவதற்கென்று பக்கவாசல் ஒன்றும் நெடுநாளாக இருக்கிறது. அந்த வாசலைச் சாதாரண ஆட்களும் பயன்படுத்தும்படி கட்டளைகளாக ஆக்கித் தந்ததே இந்தத் தொகுப்பு. லினக்ஸிலும் மக்கிலும் நேரடியாக நிறுவலாம். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதியை முதலில் இயக்கி, அதற்குள் உபுண்டு என்ற லினக்ஸை நிறுவி, அங்கே இதை நிறுவுவது சுலபம். அந்த முதல் நிறுவலுக்குத்தான் டேட்டா கணிசமாகச் செலவாகும். வீட்டிலிருந்து செய்யாமல் பல்கலைக்கழக வைஃபையில் ஒருமுறை முடித்துவிடுங்கள். அதன் பின் ஆயிரம் கட்டுரைகளின் சுருக்கங்களை இறக்கினாலும் சில மெகாபைட்டுகளே ஆகும். ஒரு காணொளியைத் திறக்கும் செலவுகூட வராது.

இந்தத் தொகுப்பில் பல கட்டளைகள் இருந்தாலும் தொடக்கத்துக்கு மூன்று போதும்: ஈசேர்ச் (esearch), ஈஃபெட்ச் (efetch), எக்ஸ்ட்ராக்ட் (xtract). ஈசேர்ச்சுக்கு எந்தத் தரவுத்தளம், என்ன கேள்வி என்று கொடுத்தால், அது கட்டுரைகளை அனுப்பாமல் ஒரு சிட்டையை மட்டும் தரும். அந்தச் சிட்டையில் இத்தனை பதிவுகள் கிடைத்தன என்ற எண்ணிக்கையும், அவை என்சிபிஐயின் கணினியில் எங்கே அடுக்கப்பட்டுள்ளன என்ற குறிப்பும் இருக்கும். அந்தக் காலத்து நூலகத்தில் சிட்டையைக் கொடுத்துவிட்டு நூல்கள் வரும்வரை காத்திருப்போமே, அதே முறைதான். செங்குத்துக் கோடு ஒன்றைப் போட்டு அந்தச் சிட்டையை ஈஃபெட்ச்சிடம் தள்ளினால், கேட்ட வடிவில் விவரங்கள் வந்து சேரும்: வெறும் பிஎம்ஐடி எண்கள் (பப்மெட் ஒவ்வொரு பதிவுக்கும் இடும் அடையாள எண்), வாசிக்கக்கூடிய சுருக்கங்கள், வரிகளுக்கு முன் குறியிட்ட மெட்லைன் வடிவம், குறிகளுக்குள் புலம் புலமாக அடுக்கிய எக்ஸ்எம்எல், இவற்றில் எது வேண்டுமோ அது. எக்ஸ்எம்எல்லாகக் கேட்டிருந்தால் எக்ஸ்ட்ராக்ட் அதிலிருந்து தலைப்பு, ஆண்டு, இதழ் என்று வேண்டிய புலங்களை மட்டும் உருவி, வரிக்கு ஒரு கட்டுரையாகத் தரும். அதை எக்செலிலும் திறக்கலாம்.

எக்ஸ்ட்ராக்ட்டில் என் கை சுட்ட இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிஎம்ஐடி புலத்தைக் கொடு என்று மட்டும் கேட்டால், ஒரு கட்டுரைக்கு ஓர் எண் வருவதற்குப் பதில் சில வரிகளில் மூன்று நான்கு எண்கள் வந்து நிற்கும். அந்தக் கட்டுரைக்கு யாராவது எழுதிய மறுமொழி, வெளியான திருத்தம், அது சுட்டும் வேறு பதிவு ஆகியவற்றின் எண்களும் அதே பெயருள்ள புலத்தில் எக்ஸ்எம்எல்லுக்குள் உட்கார்ந்திருப்பதே காரணம். மெட்லைன் சைட்டேஷன் என்ற மேற்புலத்தின் நேர்கீழே உள்ள பிஎம்ஐடி என்று, சாய்கோடு போட்டுப் பாதையைக் குறிப்பிட்டுக் (MedlineCitation/PMID) கேட்க வேண்டும். இதை அறியாமல் ஒருமுறை கிடைத்த எண்களையெல்லாம் எண்ணிப்பார்த்து, தேடலில் வந்த தொகையைவிட என் பட்டியல் நீண்டிருக்கக் கண்டு, பப்மெட்டில்தான் பிழை என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இனி உங்கள் தேடலுக்கு வருகிறேன். கட்டளைகளை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். கேள்வியை எழுதக் கற்பதற்குத்தான் நாள் பிடிக்கும். உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். இந்நோயை உண்டாக்கும் பக்டீரியா மண்ணிலும் நீரிலும் வாழ்வது. 1911இல் ரங்கூனில் விட்மோர் அதை இனங்கண்டார். இன்று அதன் பெயர் பர்கோல்டேரியா சூடோமாலியை. ஆனால் அந்தப் பேரினப் பெயர் 1992இல்தான் வந்தது. அதற்கு முன் சூடோமோனாஸ் என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள், அதற்கும் முன் வேறு பெயர்கள். மெலியோய்டோசிஸ் என்ற நோய்ப்பெயரோடு, பழைய கட்டுரைகளில் விட்மோர் நோய் என்ற பெயரும் வரும். நீங்கள் இன்றைய பெயரை மட்டும் தட்டியிருந்தால், 1980களில் வெளியானவற்றில் ஒரு பகுதி உங்கள் கண்ணில் படாமலே போயிருக்கக்கூடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் மெஷ் என்ற கட்டுப்பாட்டுச் சொற்றொகுதி 1960 முதல் இருந்துவருகிறது. கட்டுரையாசிரியர் எந்தப் பெயரால் அழைத்திருந்தாலும், பதிவுக்கு ஒரே தலைப்பு ஒட்டப்படும்; ஆகவே மெஷ் தலைப்பால் தேடினால் பழைய பெயர், புதிய பெயர் என்ற வேறுபாடு மறைந்துவிடுகிறது. இத்தோடு விடயம் முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பப்மெட்டில் உள்ள எல்லாப் பதிவுகளுக்கும் மெஷ் கிடையாது: தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் கொண்ட மெட்லைன் என்ற பகுதியில் சேராத இதழ்களின் கட்டுரைகளும் முன்வெளியீடுகளும் அது இல்லாமலே கிடக்கின்றன. மேலும் 2022 முதல் இந்தத் தலைப்புகளைப் பெரும்பாலும் நிரலே ஒட்டுகிறது. மனிதர் பார்ப்பது தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும். வேகம் கூடியிருக்கிறது, சரி. நுட்பமான தலைப்புகளில் அதன் துல்லியத்தை நான் முழுமையாக நம்புவதில்லை. இது என் தொழில் அனுபவத்தில் உண்டான ஐயம், நிறுவப்பட்ட உண்மையாகக் கொள்ள வேண்டாம். எப்படியாயினும் வழி ஒன்றுதான்: மெஷ் தலைப்பையும், தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய எல்லாப் பெயர்களையும், "அல்லது" (OR) என்ற இணைப்பால் கட்டி ஒரு அடைப்புக்குள் போடுவது. இடத்துக்கான சொற்களை இன்னோர் அடைப்பில் போட்டு, இரண்டையும் "மற்றும்" (AND) என்று இணைப்பது.

இடத்துக்கான அடைப்பில் நம் நாட்டவர் சறுக்கும் இடங்கள் சில உண்டு. நாட்டின் பெயர் 1972இல் மாறியது. அதற்கு முந்திய கட்டுரைகளின் தலைப்பில் சிலோன் என்றிருக்கும். எனவே அந்தச் சொல்லையும் சேர்க்க வேண்டும். ஆனால் எந்தப் புலத்தில் என்று குறிப்பிடாமல் சேர்த்தால், சிலோன் மெடிக்கல் ஜேர்னலில் வெளியானவை எல்லாம், இதழின் பெயரில் அந்தச் சொல் இருப்பதாலேயே, உங்கள் பட்டியலில் வந்து குவியும். அங்கே, தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடு என்று சொல்லும் புலக்குறி அவசியம். பழைய பதிவுகளுக்கு, குறிப்பாக 1975க்கு முந்தியவற்றுக்கு, பெரும்பாலும் சுருக்கமே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்; அவற்றில் தேடல் தலைப்பில் மட்டும்தான் ஓடும்.

ஊர்ப்பெயர் இன்னும் சிக்கல். அம்பாறையை ஆங்கிலத்தில் இறுதியில் ஐ எழுத்தோடும் எழுதுகிறார்கள், அது இல்லாமலும் எழுதுகிறார்கள். ஏறாவூர், காத்தான்குடி, அக்கரைப்பற்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று எழுத்துமுறைகள் உண்டு. ஆசிரியரின் முகவரிப் புலத்தில் ஊரைத் தேடலாம் என்று நினைப்பீர்கள். நல்ல யோசனைதான், ஆனால் 1988க்கு முன் பப்மெட்டில் முகவரியே இல்லை, 1988 முதல் 2013 வரை முதலாசிரியரின் முகவரி மட்டும், 2014 முதல்தான் எல்லா ஆசிரியர்களுடையதும். கொழும்பிலோ பேராதனையிலோ இருக்கும் ஒருவர் முதலாசிரியராக நிற்க, மட்டக்களப்பில் மாதிரி சேகரித்தவர் நான்காம் ஆசிரியராக இருந்த 2009ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த வழியில் அகப்படாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடும்போதும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் அந்த இரு சொற்களும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பெயருக்குள்ளேயும் இருக்கின்றன; உலகில் வேறு பல பல்கலைக்கழகங்களின் பெயரிலும் இருக்கின்றன. எனவே நாட்டின் பெயரைக் கூடவே கட்டாமல் தேடினால் வருவதைக் கண்டு மலைத்துப்போவீர்கள்.

ஆசிரியர் பெயரால் தேடுவது நம்மவர் விடயத்தில் நம்பத்தகாதது என்றே சொல்வேன். தந்தையின் பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக எழுதும் நம் வழக்கத்தைக் குடும்பப்பெயர் கேட்கும் படிவத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நிரப்புகிறார்கள். ஒரே ஆள் ஓர் இதழில் தன் பெயரால், இன்னோர் இதழில் தந்தையின் பெயரால் பதிவாகியிருப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். போதாக்குறைக்கு, ஆசிரியரின் முழுப்பெயரைப் பப்மெட் சேர்க்கத் தொடங்கியது 2002இல்தான். அதற்கு முந்தியவற்றில் ஒரு பெயரும் முதலெழுத்துகளும் மட்டுமே. ஆய்வாளருக்குத் தனித்தனியாக வழங்கப்படும் ஓர்கிட் என்ற அடையாள எண் உள்ளவர்களை அந்த எண்ணால் தேடலாம். நீங்களும் உங்கள் முதல் கட்டுரையை அனுப்பும் முன் ஓர்கிட் எண் ஒன்றை எடுத்து, ஒரே பெயர்வடிவில் உறுதியாக நின்றுவிடுங்கள்.

கேள்வியை எழுதியதும் நேரே கட்டளை வரிக்கு ஓடாதீர்கள். முதலில் பப்மெட் தளத்தின் மேம்பட்ட தேடல் பக்கத்தில் அதை இட்டு, அங்குள்ள விவரப் பகுதியைத் திறந்து பாருங்கள். புலக்குறி இடாத சொற்களைப் பப்மெட் தானாகவே மெஷ் தலைப்பாகவும் பிற வடிவங்களாகவும் விரித்துக்கொள்ளும். எப்படி விரித்தது என்பது அங்கே தெரியும். ஒரு சொல்லின் ஈற்றில் நட்சத்திரக்குறி போட்டாலோ, இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்தாலோ, அந்தத் தானியங்கி விரிவு நின்றுவிடும். அகலப்படுத்துவதாக நினைத்து நட்சத்திரம் போட்டவர்களுக்கு எண்ணிக்கை குறைந்துபோவது இதனால்தான். அங்கே திருப்தியான வடிவத்தை ஓர் எழுத்துக் கோப்பில் சேமியுங்கள். கட்டளையில் இடும்போது முழுக் கேள்வியையும் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைத்து, உள்ளே இரட்டைக்குறியைப் பயன்படுத்தினால், அடைப்புக்குறிகளை உங்கள் முனையம் (கட்டளை தட்டும் திரை) தவறாகப் பொருள்கொள்ளாது.

அந்த எழுத்துக் கோப்புத்தான் உங்கள் மேற்பார்வையாளருக்கான பதில். தேடிய நாள், கேள்வியின் முழு வாசகம், அன்று கிடைத்த எண்ணிக்கை, பிஎம்ஐடி பட்டியல் ஆகிய நான்கும் ஒரு கோப்புறையில் இருந்தால், அவர் தன் கணினியில் அதையே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். தேடலை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று 2021இல் வெளியான பிரிஸ்மா-எஸ் வழிகாட்டியும் தேடிய வாசகத்தை அப்படியே தரும்படி கேட்கிறது. மாதக்கணக்கில் தளத்தில் அங்குமிங்கும் சொடுக்கித் தேடியதற்கு இப்படி ஒரு தடம் இருக்காது. ஏற்கெனவே சேர்த்த 400ஐத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அவற்றின் பிஎம்ஐடி எண்களை ஒரு கோப்பில் எழுதுங்கள். புதிய கேள்வியை ஓட்டி வந்த எண்களை இன்னொரு கோப்பில் வையுங்கள். பிறகு கொம் (comm) என்ற கட்டளையிடம் இரண்டையும் கொடுங்கள். புதியதில் மட்டும் உள்ளவை, பழையதில் மட்டும் உள்ளவை, இரண்டிலும் உள்ளவை என்று மூன்று நெடுவரிசையாகப் பிரித்துத் தரும். பழையதில் மட்டும் உள்ள நல்ல கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உங்கள் கேள்வி ஏன் அவற்றைத் தவறவிட்டது என்று பாருங்கள். கேள்வியைச் செப்பனிடுவதற்கு இதைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை.

கொம் கட்டளைக்கு இரண்டு கோப்புகளும் ஒரே விதமாக வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும், அதுவும் எழுத்துவரிசையில். எண்கள்தானே என்று எண்வரிசையில் அடுக்கினால் பிழையாகிவிடும். பழைய கட்டுரைகள் பலவற்றின் பிஎம்ஐடி ஏழு இலக்கம், புதியவற்றினது எட்டு இலக்கம். எண்வரிசையில் ஏழிலக்கமெல்லாம் முன்னே வரும், எழுத்துவரிசையில் அப்படி வராது. கருவி குழம்பி, இரண்டிலும் இருப்பவற்றைத் தனித்தனியாகக் காட்டும். வரிசைப்படுத்தும் சோர்ட் (sort) கட்டளையை எந்தத் தெரிவும் சேர்க்காமல் ஓட்டினால் போதும். இதே முறையில் வாரம் ஒருமுறை தேடலை ஓட்டிப் போன வாரப் பட்டியலோடு ஒப்பிட்டால், புதிதாக வந்தவை மட்டும் கையில் கிடைக்கும். ஆய்வேடு ஒப்படைக்கும் நாள்வரை அப்படியே செய்துகொண்டு வரலாம்.

பல கேள்விகளை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி, சுழற்சியாக ஓட்டவும் ஆசை வரும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. ஈசேர்ச் தன் உள்ளீட்டுக் குழாயில் கிடைப்பதையெல்லாம் விழுங்கிவிடும் சுபாவமுடையது. முதல் வரிக்கான தேடல் நடக்கும்போதே மீதி வரிகளும் அதன் வயிற்றுக்குள் போய்விடும், சுழற்சி ஒரு சுற்றோடு அமைதியாக முடிந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. 2022இல் நாள்முழுக்க மின்வெட்டு இருந்த காலத்தில், மின்சாரம் வந்த இரண்டு மணி நேரத்துக்குள் முப்பது தேடல்களை முடித்துவிடலாம் என்று கோப்பை ஓடவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஒரே ஒரு விடை மட்டும் இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கும் முன் மின்சாரம் மீண்டும் போய்விட்டது. ஈசேர்ச் வரியின் இறுதியில் அதன் உள்ளீட்டை டெவ்-நல் (/dev/null) என்ற வெற்றுக் கோப்பிலிருந்து எடுக்கும்படி திருப்பிவிட்டால் சரியாகிவிடும்.

என்சிபிஐயின் விதிகளையும் மதிக்க வேண்டும். கணக்குத் திறந்து ஏபிஐ சாவி (நிரல்வழி வருபவரை அடையாளம் காட்டும் எழுத்துக்கோவை) பெறாதவர்கள் ஒரு விநாடிக்கு 3 வேண்டுகோள்வரை அனுப்பலாம். சாவி உள்ளவர்கள் 10 வரை. சாவி இலவசம், ஐந்து நிமிட வேலை. பெரிய இறக்கங்களை வார இறுதியிலோ, அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி இரவு 9 முதல் காலை 5 வரையிலோ வைத்துக்கொள்ளும்படி கேட்கிறார்கள். நம் கடிகாரத்தில் அது குளிர்காலத்தில் காலை 7.30 முதல் பிற்பகல் 3.30 வரை, கோடையில் ஒரு மணி நேரம் முன்னதாக. அவர்களுடைய நள்ளிரவு நமக்கு அலுவலக நேரமாக இருப்பது நமக்குக் கிடைத்த சிறு சலுகை. உங்கள் தலைப்புக்கு இதெல்லாம் பெரிதாகத் தேவைப்படாது; 10,000க்கு மேற்பட்ட முடிவுகள் வரும் தேடலில்தான் தளத்திலிருந்து சேமிக்க முடியாமல் போய், கட்டளை வரி தவிர்க்க முடியாததாகிறது.

ஈலிங்க் (elink) என்ற கட்டளையையும் பிறகு பழகிக்கொள்ளுங்கள். நல்ல கட்டுரை ஒன்றின் எண்ணைக் கொடுத்தால், அதை மேற்கோள் காட்டியவை எவை, அது மேற்கோள் காட்டியவை எவை, அதைப் போன்றவை எவை என்று கொண்டுவந்து தரும். சொற்களால் தேடி அகப்படாத கட்டுரைகள் பல இந்த வழியில் அகப்படும்.

இனி மேற்கோள் கோப்பு. பிப்டெக் 1985 முதல் இருக்கும் வடிவம். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பதிவு, ஒரு சாவிப்பெயர், அதன் கீழ் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு என்ற புலங்கள். எந்த எழுத்துத்தொகுப்பியிலும் திறக்கலாம், இருபது ஆண்டுக்குப் பின்னும் திறக்கலாம். பப்மெட்டிலிருந்து நேரே பிப்டெக் கிடைக்காது. மெட்லைன் வடிவில் இறக்கி, பிப்யூட்டில்ஸ் என்ற சிறிய தொகுப்பால் மாற்றலாம். கட்டுரைக்கு டிஓஐ என்ற நிலையான இணைய அடையாளம் இருந்தால், இணையத்திலிருந்து இறக்கும் கர்ல் (curl) கட்டளையால் டிஓஐ தளத்தை அணுகி, பிப்டெக் வடிவில் தா என்று கோரிக்கையின் தலைப்புவரியில் (header) கேட்டாலே பதிவு வந்துவிடும். இரண்டாவது வழி விரைவானது என்றாலும் நான் முதலாவதையே விரும்புகிறேன். டிஓஐ வழியில் வரும் விவரம் பதிப்பகத்தார் கிராஸ்ரெஃப் என்ற டிஓஐ பதிவு நிறுவனத்துக்குக் கொடுத்தது; அதில் சிலவேளை ஆசிரியர் பெயர் முழுதும் பேரெழுத்தில் இருக்கும், தலைப்புக்குள் சாய்வெழுத்துக் குறிகள் அப்படியே கிடக்கும், பக்க எண் விடுபட்டிருக்கும். மருத்துவ இதழ்கள் கேட்கும் சுருக்க இதழ்ப்பெயரும் பப்மெட்டிலிருந்துதான் ஒழுங்காக வரும்.

சாவிப்பெயராக பிஎம்ஐடி எண்ணையே வைத்துக்கொள்ளும்படி சொல்வேன். ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்ந்த சாவி வாசிக்க அழகாக இருக்கும். ஆனால் ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் மூன்று கட்டுரை எழுதியிருந்தால் குழப்பம் தொடங்கும், எண்ணில் அது வராது. பிஎம்ஐடி இல்லாத உள்நாட்டுக் கட்டுரைகளுக்கு மட்டும் பெயரும் ஆண்டும். தலைப்புகளில் உள்ள பக்டீரியாப் பெயர், நாட்டின் பெயர் போன்றவற்றின் முதல் எழுத்தை நெளி அடைப்புக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் சில பாணிகள் அவற்றைச் சிற்றெழுத்தாக்கிவிடும், நம் நாட்டின் பெயர் சிற்றெழுத்தில் தொடங்கும் ஆய்வேடுகளைக் கண்டு நான் வருந்தியதுண்டு. வேறு தளங்களிலிருந்து எடுத்தவற்றைச் சேர்க்கும்போது இரட்டைப் பதிவுகள் வரும். டிஓஐயில் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு பொருட்டில்லை; ஆகவே எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். டிஓஐ இல்லாத பழையவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் களைய வேண்டும்.

பான்டொக்குக்கு நீங்கள் சாதாரண எழுத்துக் கோப்பில் கட்டுரையை எழுதி, மேற்கோள் வர வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குள் அட்குறியும் (@) சாவிப்பெயரும் இட்டால், கீழே பட்டியலையும் உள்ளே மேற்கோள்களையும் தானே அமைத்து வேர்ட் கோப்பாகத் தரும். மருத்துவ இதழ்கள் கேட்கும், எண்ணிட்ட வான்கூவர் பாணி வேண்டுமானால் அதற்கான சிஎஸ்எல் கோப்பை (மேற்கோள் பாணியின் விதிகள் எழுதிய கோப்பு) இறக்கிக் கொடுத்தால் போதும். ஆறு ஆசிரியர்வரை எழுதி மீதியைச் சுருக்குவது போன்ற விதிகளை அதுவே பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒரு பந்தியை நீக்கினால் எண்களெல்லாம் மறுபடி ஒழுங்காகிவிடும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மேற்பார்வையாளர் அந்த வேர்ட் கோப்பில் சிவப்பில் திருத்தி அனுப்பினால், அந்தத் திருத்தங்களை உங்கள் எழுத்துக் கோப்புக்குள் நீங்கள்தான் கையால் கொண்டுவர வேண்டும். அவர் வேர்ட்டில்தான் திருத்துவார், இரண்டு மூன்று இணையாசிரியர்களும் இருக்கிறார்கள் என்றால், தேடலைக் கட்டளை வரியில் செய்து, மேற்கோளுக்குச் சொட்டேரோ (Zotero) என்ற மேற்கோள் சேமிப்புச் செயலியையும் அதன் வேர்ட் இணைப்பையும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு நல்லது. பிப்டெக் கோப்பைச் சொட்டேரோ அப்படியே உள்வாங்கும். எல்லாவற்றையும் கறுப்புத் திரையில்தான் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. ஒப்படைக்கும் நாளுக்கு முந்திய இரவில் அது கலைந்தது.

இந்த வழியால் ஆகாதவற்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதுவது முறைசார் மீளாய்வு (systematic review) என்றால் பப்மெட் மட்டும் போதாது. எம்பேஸ் என்ற மற்றொரு மருத்துவத் தரவுத்தளம் சந்தா கட்டினால்தான் திறக்கும், அதற்கு இந்தக் கட்டளைகள் பயன்படா. நம் நாட்டு இதழ்கள் பலவும் பப்மெட்டில் இல்லை. அவற்றை ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் தனியாகத் தேடி, பதிவுகளை எழுதிச் சேர்க்க வேண்டும். மருத்துவச் சங்கக் கூட்டங்களின் சுருக்க நூல்கள், சுகாதாரத் திணைக்கள அறிக்கைகள் போன்றவற்றுக்கு நேரில் போய்க் கேட்பதைவிட வழியில்லை. திரும்பப்பெறப்பட்ட கட்டுரைகளைப் பப்மெட் தனி வெளியீட்டு வகையாகக் குறித்து வைக்கிறது. ஒப்படைக்கும் முன் உங்கள் எண்களை அந்த வகையோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். செயற்கை நுண்ணறிவிடம் மேற்கோள் கேட்டு வாங்கியிருந்தால், ஒவ்வொன்றின் பிஎம்ஐடியையும் ஈஃபெட்ச்சில் இட்டுத் தலைப்பு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். இல்லாத கட்டுரைக்கும் பொருத்தமான பெயர்களை வைத்துத் தந்துவிடும்.

முதல் மாலைக்கு இவ்வளவு போதும்: நிறுவுங்கள், மெலியோய்டோசிஸ் மெஷ் தலைப்பையும் இலங்கை மெஷ் தலைப்பையும் மட்டும் இணைத்து ஈசேர்ச்சை ஓட்டுங்கள், எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் நான் மேலே சொன்ன பழைய பெயர்களையும் தலைப்பு-சுருக்கச் சொற்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எண் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். கூடியவற்றில் முதல் பத்தின் தலைப்பையாவது வாசியுங்கள். அந்தக் கேள்வியின் வாசகத்தை இங்கே இட்டால், அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.